கை மாறிப் போட்ட கட்டு

மருதாயி மேல் லயத்து வீட்டு வரிசையில் சிரித்தால் கீழ் லயத்தில் கேட்கும். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் பாதையில் மூன்று மைல் போனால் வரும் றப்பர் தோட்டம் அது. பதினைந்து வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவள், முப்பத்தைந்து வயதுவரை அதைக் கீழே வைக்கவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு முந்நூறு மரம் வெட்டுவாள். சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகும் வரை வாய் ஓயாது. வேலைக்கு வரும் நாட்டுப்புறச் சிங்களப் பெண்களோடு பழகிப் பழகி, சிங்களமும் தமிழும் அவள் நாக்கில் ஒரே வேகத்தில் ஓடும். புருஷன் அழகமுத்து ஸ்டோரில் றப்பர் ஷீட் உருட்டுகிறவன். அவன் பேசவேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்று தோட்டத்தில் கேலி செய்வார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், வெசாக் கழிந்த மறுவாரம். மூன்று நாள் மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த காலை. பால் வாளியோடு கல்படி இறங்கும்போது பாசி வழுக்கிவிட்டது. விழுகிறபோதும் வாளியைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். வாளியும் போயிற்று, உடம்பின் பாரமெல்லாம் இடது மணிக்கட்டில் இறங்கியது. ஓடிவந்த கங்காணி முதலில் கொட்டிய பாலைப் பார்த்தார், பிறகுதான் கையைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கே முகம் வெளுத்துவிட்டது. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேடு எழும்பியிருந்தது.

தோட்டத்து லொறியில் ஏற்றி, கீழே இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கென்று பார்த்து, மலைப்பாதையில் ஒரு பஸ் சரிந்து, அடிபட்டவர்களெல்லாம் அங்கேதான் வந்து குவிந்திருந்தார்கள். வாங்கில் இடமில்லை, தரையிலும் இடமில்லை. ஒரு டொக்டர் மருதாயியின் கையைத் தொட்டுப் பார்த்து, வலிக்கு ஊசி போடச் சொல்லி, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், துண்டுக் காகிதத்தில் 'மணிக்கட்டு முறிவு, கட்டுப் போடவும்' என்று எழுதினார். எந்தக் கை என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைப்பதற்குள் அடுத்த ஆளைத் தூக்கி வந்துவிட்டார்கள்.

கட்டுப் போடும் அறையில் ஒரு அட்டென்டன் மட்டும் இருந்தார். முழங்கை வரை வெள்ளை மாவு. படத்தை வாங்கி வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மூலையில் இருந்த சின்ன எழுத்தைக் கவனிக்காமல், முன்பக்கம் பின்பக்கம் மாறிப்போக மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்ப்பதைப் போல, இடது கை வலது கையாகிவிட்டது. ஊசியின் மயக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்த மருதாயியின் வலது கையை எடுத்து, ஈரத் துணியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"சார், இந்தக் கை இல்லீங்க. அடிபட்டது மத்தக் கைங்க" என்றாள் மருதாயி.

அட்டென்டனுக்குத் தமிழ் தெரியாது. அவள் உடனே அதையே சிங்களத்தில் சொன்னாள். "மே அத்த நெவெய் மாத்தயா, அனிக் அத்த!"

அவர் நிமிரவே இல்லை. தாடையால் வெளிச்சப் பெட்டியைக் காட்டினார். "ஓயாட்ட வடா பிலிம் எக்க தன்னவா" என்றார். உன்னைவிடப் படத்துக்குத் தெரியும் என்று அர்த்தம்.

மருதாயி படத்தைப் பார்த்தாள். கறுப்பில் வெள்ளை எலும்புகள். படித்தவர்கள் பார்த்து எழுதியது. ஊசியில் இடது கையின் வலியும் எங்கோ தூரத்தில் இருந்தது. ஒருவேளை வலது கையும் உடைந்துதான் இருக்குமோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பிற்காலத்தில் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "அந்த ஆளு கேக்காதது கூடப் பரவால்ல, என் கைய நானே நம்பாமப் போயிட்டேனே" என்று சொல்லிச் சொல்லி ஆறுவாள்.

வெளியே அழகமுத்து காத்திருந்தான். அவள் வருவதைப் பார்த்துவிட்டு, கட்டையும் பார்த்தான், தொங்கிக்கொண்டிருந்த மற்றக் கையையும் பார்த்தான்.

"எந்தக் கை புள்ள ஒடைஞ்சிச்சு?"

"எடது கைங்க."

"கட்டு?"

"பாத்தா தெரியலையா? வலது கைல."

அழகமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்தது. மருதாயிக்கும் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். லொறியில் ஏறிப் பாதிவழி போனபோது ஊசியின் மயக்கம் தெளிந்தது. அதன்பிறகு அவள் கண்ணில் வந்த நீர் சிரிப்பினால் வந்ததில்லை.

மறுநாள் காலை தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார்கள். அங்கே மருந்து கொடுப்பவர் மயில்வாகனம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறார். ஒரு எறும்பு கடித்தாலும் புத்தகத்தைப் பார்க்காமல் மருந்து கொடுக்கமாட்டார்.

"என்ன பிள்ளை இது?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் பார்த்தார். "வீங்கியிருக்கிறது உந்தக் கை. கட்டுப் போட்டது மற்றக் கைக்கோ?"

"ஆமாங்க ஐயா."

"உதை நான் அவிழ்க்க ஏலாது. பெரியாஸ்பத்திரியிலை போட்ட கட்டு. ஆனா ஒரு கடிதம் தாறன், கொண்டுபோய்க் குடு."

கடிதத்தோடு மூன்றாம் நாள் அழகமுத்து அவளை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். யன்னலில் இருந்த கிளாக்கர் கடிதத்தைப் பிரிக்கவில்லை, முதல் நாள் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி அட்டையை மட்டும் பார்த்தார். ஆறு கிழமை கழித்து வரவேண்டும் என்று அட்டையில் இருக்கிறது, இன்றைக்கு ஏன் வந்தாய் என்றார். மருதாயி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்தபோது மயில்வாகனத்துக்கே கோபம் வந்துவிட்டது. சட்டம் ஒன்றும் பார்க்காமல், மூங்கில் பட்டையைச் சீவி, பஞ்சு வைத்து, இடது கையைத் தன்னால் முடிந்த அளவு நேராக வைத்துக் கட்டினார். "எலும்பு சரியாப் பொருந்தினதோ எண்டு எனக்குத் தெரியாது. ஆடாமலாவது இருக்கட்டும்" என்றார். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கை இன்னும் மோசமாகப் போயிருக்கும் என்று பிறகு தெரிய வந்தது.

இப்படி ஆறு கிழமை, ஒன்றரை மாதம், மருதாயிக்கு இரண்டு கையும் இல்லை. நல்ல கை மாவுக்கட்டுக்குள், கெட்ட கை மூங்கிலுக்குள். வீட்டு வேலை முழுதும் அழகமுத்து தலையில் விழுந்தது. அதுவரை சுடுதண்ணி வைக்கவும் தெரியாதவன். அவன் சுட்ட முதல் ரொட்டியைக் கோழி கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துபோயிற்று. மருதாயி கட்டிலில் உட்கார்ந்து, "தண்ணி கூடிப்போச்சுங்க! ஏங்க, மாவுக்கு உப்புப் போட்டீங்களா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். தலை பின்னுவதுதான் அவனுக்குப் பெரிய பாடு. றப்பர் ஷீட்டை மடிப்பதுபோல முடியை மடித்து மடித்துக் கட்டிவிடுவான். பள்ளிக்கூடம் போகும் மகள் ஷாமிளா, அம்மாவின் பின்னலைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் ஒரு மாதம் போவதற்குள் அழகமுத்து வைத்த பருப்புக் கறியைக் கேட்டு வாங்கிப்போக அடுத்த காம்பரா வீட்டிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. அதிலே அவனுக்கு உண்டான பெருமை, பிறகு அவள் கை சரியான பின்னும் அடுப்படியை விட்டு அவனைப் போகவிடவில்லை.

ஆறாம் கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு புது டொக்டர் இருந்தார். பெயர் ஹலீம். மாவனல்லைப் பக்கத்துக்காரர், வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அட்டையைப் பார்த்தார், படத்தை மாட்டினார், மூலையிலிருந்த எழுத்தைப் பார்த்துப் படத்தைத் திருப்பி மாட்டினார். மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது, உள்ளே மருதாயியின் வலது கை மெலிந்து வெளுத்து, ஒரு குறையுமில்லாமல் இருந்தது. மூங்கில் கட்டை அவிழ்த்தபோது, இடது மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியிருந்தது.

"அக்கா, கட்டுப் போடக்குள்ள நீங்க ஒண்டும் சொல்லல்லையா?"

"ரெண்டு பாஷையிலயும் சொன்னேங்க டொக்டர்."

ஹலீம் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது எங்கட பிழை" என்றார். "கைய இனிப் பழையபடி முழுசாத் திருப்ப ஏலாமப் போகும். கொழும்புக்கு அனுப்பித் திரும்ப ஒடைச்சு வச்சுப் பாக்கலாம். ஆனா நூத்துக்கு நூறு சரியாகும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

"திரும்ப ஒடைக்கிறதா? வேணாங்க டொக்டர். ஆனா ஒன்னு செய்யுங்க. இப்ப சொன்னீங்கல்ல, உங்க பிழைன்னு. அத அந்த அட்டையில எழுதிக் குடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். வந்து பத்து நாளும் ஆகாத மனிதர், மேலே பெரிய டொக்டர் இருக்கிறார். மருதாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுதினார். முறிந்தது இடது கை, கட்டுப் போட்டது வலது கை என்று இரண்டே வரி. கீழே கையெழுத்தும் திகதியும்.

அந்த இரண்டு வரி சும்மா இருக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து விசாரணை என்று அவளைக் கூப்பிட்டார்கள். பெரிய டொக்டரின் அறை. மின்விசிறி, கண்ணாடி போட்ட மேசை, ஒரு பக்கம் ஹலீம், மறு பக்கம் அந்த அட்டென்டன். பேச்செல்லாம் சிங்களத்தில். அழகமுத்து வாசலில் நின்றுகொண்டான். அவனுக்கு வேர்த்து ஊற்றியது. மருதாயி வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை கட்டி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பூ வைத்துக்கொண்டு போயிருந்தாள்.

இந்தப் பொம்பளை தவறான கையைத்தான் நீட்டினாள் என்று அட்டென்டன் சொன்னார். பெரிய டொக்டர் தலையசைத்தார். தோட்டத்து ஆட்கள் சில நேரம் இடது வலது மாற்றிச் சொல்லுகிறவர்கள்தான் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போலச் சொன்னார்.

மருதாயி எழுந்து நின்றாள். சிங்களத்திலேயே பேசினாள். "மாத்தயா, றப்பர் மரத்தில் வெட்டு எப்படிப் போகும் தெரியுமா? இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் கீழே இறங்கவேண்டும். மாறி வெட்டினால் பால் குறைந்துபோகும். நான் இருபது வருஷமாக நாளுக்கு முந்நூறு மரம் வெட்டுகிறேன். எனக்கு இடது வலது தெரியாமல் இருந்தால் எங்கள் தோட்டத்துத் தொரை என்றைக்கோ என்னை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார்."

ஹலீம் சிரித்துவிட்டு இருமினார். பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. அட்டென்டன் பக்கம் திரும்பினார். "அவள் சொன்னாளா இல்லையா?"

அட்டென்டன் கையைப் பிசைந்தார். அன்று பஸ் விபத்து என்றார், தனி ஆள் என்றார், விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். பிறகு, "சொன்னாள். நான்தான் கேட்கவில்லை" என்றார்.

மருதாயி அவரைப் பார்த்தாள். எட்டுக் கிழமையாக இந்த முகத்தை நினைத்து எத்தனையோ தடவை திட்டியிருந்தாள். எதிரில் பார்க்கும்போது அது தன் அண்ணன் வயதுள்ள ஒரு மனிதனின் களைத்த முகமாக இருந்தது. "உங்களுக்கு அன்றைக்கு வேலை கூடத்தான், நானும் பார்த்தேன். ஆனால் ஒரு தடவை என் இடது கையைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதுமே, நான் கத்துகிற கத்தலில் தெரிந்திருக்கும்" என்றாள்.

இந்தத் தடவை பெரிய டொக்டரும் சிரித்தார். அந்த மாதமே ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. அடிபட்ட பக்கம் எது என்று துண்டில் எழுதாமல் கட்டுப் போடும் அறைக்கு யாரையும் அனுப்பக்கூடாது. அங்கேயும் ஆளிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் துணியைச் சுற்றவேண்டும். அட்டென்டனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். மருதாயிக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. மயில்வாகனம் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, "பிள்ளை, இப்பிடி ஒரு கடிதம் நான் என்ரை சேவையிலை கண்டதில்லை" என்றார்.

ஹலீம் சொல்லிக்கொடுத்தபடி துணியைப் பிழிவதும் சிரட்டையைத் திருப்புவதுமாகப் பழகி, தைப்பொங்கல் கழிந்து மருதாயி மறுபடியும் மரத்துக்குப் போனாள். இடது கை முழுசாகத் திரும்பாது, வாளியை இனி வலது கையில்தான் தூக்கவேண்டும். மழைக்காலத்தில் வலி எடுக்கும். மற்றபடி முந்நூறு மரம் முந்நூறு மரம்தான்.

அதற்குப் பிறகு, தோட்டத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் மருதாயியிடம் வருவார்கள். ஷாமிளாவின் பேனாவை எடுத்து, வலிக்கிற இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் சிங்களத்தில் 'மெதன' என்று எழுதிவிடுவாள். இங்கே என்று அர்த்தம். சிங்களத்தில் அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். பல்லுக்குப் போகிறவர்களுக்குக் கன்னத்தில் வட்டம். வயிற்றுவலிக்காரர்கள் சிலர் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். மையால் வட்டம் போட்ட ஆள் வந்தாலே, மருதாயியின் தோட்டத்து ஆள் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டார்கள். முடிந்தபோது கூடவும் போவாள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அப்படித்தான் அழகம்மாவோடு போனாள்.

அழகம்மா கீழ் லயத்துக்காரி. காலில் முள் குத்திச் சீழ் பிடித்துக் காய்ச்சல். ஏழு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு, முகமெல்லாம் பலூன்போல வீங்கி, மூச்சு முட்டிச் செத்துப் பிழைத்தவள். எந்த ஊசி என்று மயில்வாகனம் அன்றே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை மருதாயி கேட்டு வாங்கி, அழகம்மாவின் ஆஸ்பத்திரி அட்டையில் குண்டூசியால் குத்திவைத்திருந்தாள். வார்டில் எங்கோ அட்டை கைமாறியபோது துண்டு விழுந்துவிட்டது. நர்ஸ் மிஸ்ஸி ஊசியோடு வந்தார். அழகம்மா வாயைத் திறக்கவில்லை. மிஸ்ஸியிடம் ஏதாவது சொல்வதென்றால் அவளுக்குக் காய்ச்சலைவிடப் பயம்.

"ஒரு நிமிசம் மிஸ்ஸி. அது பென்சிலினா?" என்று சிங்களத்தில் கேட்டாள் மருதாயி.

"நீ யார்? டொக்டரா?"

"இல்லை மிஸ்ஸி, பால் வெட்டுகிறவள். இவளுக்கு அந்த மருந்து ஆகாது. போன தடவை போட்டபோது மூச்சு நின்றுவிடப் பார்த்தது. உங்கள் வார்டின் பழைய புத்தகத்தில் எழுதியிருக்கும், பாருங்கள். பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன்."

மிஸ்ஸி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். கால் மணி நேரம் வரவில்லை. வந்தபோது கையில் வேறு மருந்து இருந்தது. அழகம்மாவின் அட்டையின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, இரண்டு கோடும் போட்டார். ஊசி போட்டு முடித்துவிட்டு மருதாயியின் தோளில் கைவைத்து, "திட்டவில்லை, தேத்தண்ணி குடித்தாயா?" என்று கேட்டார். மருதாயி குடித்துவிட்டதாகச் சொன்னாள். பொய்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு அபிவிருத்திக் குழு உண்டு. கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்து அதிபர், பன்சாலையின் பௌத்த பிக்கு ஹாமுதுரு என்று ஊர்ப் பெரியவர்கள் இருப்பது. இரண்டாயிரத்து எட்டில் மருதாயியையும் அதில் போட்டார்கள். தோட்டத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அந்த மிஸ்ஸிதான் பெயரைச் சொன்னாராம். முதல் கூட்டத்தில் கேக் கொடுத்தார்கள். மருதாயி அதைக் கைலேஞ்சியில் சுற்றி அழகமுத்துவுக்கு வைத்துக்கொண்டு, எழுந்து பேசினாள். ஆஸ்பத்திரியில் எந்தக் கதவிலும் தமிழ் இல்லை என்றாள். எங்கள் ஆட்கள் பிரசவ அறையில் போய்ப் பல் பிடுங்க நிற்கிறார்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் பலகை எழுத ஒத்துக்கொண்டார்கள்.

மறு வருஷம் பலகைகள் வந்தன. எழுதியவர் தமிழ் தெரியாத ஒரு பெயின்டர், பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார். மருதாயி ஷாமிளாவைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். அதற்குள் ஷாமிளா ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மருந்து வாங்கும் யன்னலுக்கு மேலே பளபளவென்று ஒரு பலகை. அம்மா பெருமையோடு அண்ணாந்து நின்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"அம்மா, 'மருந்து கொடுக்கும் இடம்'னு எழுதணும். 'மருந்து கெடுக்கும் இடம்'னு எழுதியிருக்காங்க."

மருதாயி எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, ஆனாலும் பிடிபட்டது. "அட ஆமா. ஒரு கால் விட்டுப்போச்சு" என்றாள். சொன்னதைத் தானே காதில் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆஸ்பத்திரியிலயே கால் ஒன்ன காணோம்டி!"

வரிசையில் நின்ற தமிழ்ச் சனங்களும் பலகையைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிங்களச் சனங்கள் என்ன என்று கேட்டார்கள், மருதாயி அவர்களுக்கு அவர்கள் பாஷையில் விளக்கினாள். உள்ளே மருந்து எண்ணிக்கொண்டிருந்தவர் யன்னலால் தலையை நீட்டி, தன் தலைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். கேட்டதும் அவரே போய்ப் பெயின்டரைக் கூட்டி வந்தார். பெயின்டர் ஏணியில் ஏறினார். ஷாமிளா கீழே நின்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்ட, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த எழுத்தை மெதுவாக வரைந்தார். முன்னே எழுதியவற்றைவிட அது கொஞ்சம் தடிப்பாக வந்தது. மருதாயி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுத்து காயும் வரை யாரையும் பலகைக்குக் கீழே நெருங்கவிடாமல், மருந்து வாங்க வந்தவர்களை ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.